தூரத்துப் பிள்ளைக்கும் ஒரு வேலை

(விக்கிரமங்கலத்தில் ஊர்ப் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் அரியலூர் மாவட்டத்துக்குப் பிறந்தநாள் எது? 2001-ல் ஒரு தடவை பிறந்து, அடுத்த வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் பிறந்த மாவட்டம் இது. நாள் குறித்தவர்கள் பழைய காலண்டரைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். 1956-ல் அதே நவம்பர் 23 விடியற்காலையில்தான் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது.

முந்தின இரவு சென்னை எழும்பூரில் கிளம்பிய வண்டி. அரியலூரைத் தாண்டி, கல்லகம் வருவதற்குள் மருதையாற்றுப் பாலம். அந்த ஆற்றை உங்களுக்குத் தெரியும். வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். ஆடு மேய்க்கிற பையன் செருப்பைக் கழற்றாமல் தாண்டிப் போவான். ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் மட்டும் அது ஆறு. அன்றைக்கு வெள்ளம் பாலத்தை ஒட்டியிருந்த கரையை அரித்துவிட்டது. தண்டவாளம் இருந்தது, அடியில் மண் இல்லை. நீராவி இன்ஜினும் அடுத்தடுத்து ஏழு பெட்டிகளும் இருட்டில் தண்ணீருக்குள் போயின. செத்தவர்கள் 142 என்று ஒரு கணக்கு, 150-க்கு மேல் என்று இன்னொரு கணக்கு.

இரண்டு மாதம் முன்னால்தான் மகபூப் நகரில் ஒரு ரயில் பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் போயிருந்தார்கள். அப்போதே ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு வாங்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததை வாங்கிக்கொண்டார். துணை மந்திரியாக இருந்த ஓ.வி. அழகேசன் அடுத்த வருடத் தேர்தலில் செங்கல்பட்டில் தோற்றார். தி.மு.க. மேடைகளில் அவர் பேரோடு நம் ஊர்ப் பேரையும் சேர்த்துக் கட்டிய கோஷம் தமிழ்நாடு முழுக்க ஓடியது. இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சாஸ்திரியின் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லட்டும். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த வண்டியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அரியலூர்க்காரர்கள் இல்லை. திருச்சி, மதுரை, கோவில்பட்டி, தூத்துக்குடி போக வேண்டியவர்கள். அவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு, பேர்கூடக் கேட்டிராத ஒரு ஊரில் துக்கம். நம் பக்கத்திலிருந்து சென்னைக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனவர்களுக்கு, சொந்த ஊர்ப் பேரில் ஊரார் துக்கம். ரேடியோவில் ‘அரியலூர்’ என்று கேட்டதும் இரண்டு தரப்புக்கும் அடிவயிறு கலங்கியிருக்கும்.

அந்த நேரத்தில் பினாங்கில் ஒரு நம்மூர்க்காரர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் போய்ச் சேரவே ஒரு வாரம் போல ஆகும். சாதாரணக் கடிதமும் கப்பலில்தான். பேப்பரில் ‘அரியலூர்’ என்று பெரிய எழுத்தில் பார்த்துவிட்டு, மாமனார் அந்த வாரம் சென்னைக்குப் போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாரே, திரும்பிவிட்டாரா, எந்த வண்டியில் ஏறினார் என்று தெரியாமல், தோட்டத்தில் காலை வரிசைக்கு நின்றிருப்பார். அவருக்கு முழுச் செய்தியும் தெரியும். எத்தனை பெட்டி, எத்தனை பேர், மந்திரி என்ன சொன்னார், எல்லாம் தெரியும். அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இங்கே ஆற்றங்கரையில் நின்றவருக்கோ கணக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரு உடம்பைத் தூக்க வேண்டும், யாருக்காவது ஒரு சொம்பு காப்பி கொடுக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்: ஊருக்குக் கேடு வந்தால் உள்ளூரில் இருப்பவருக்கு வேலை கிடைக்கிறது, வெளியூரில் இருப்பவருக்குச் செய்தி மட்டும் கிடைக்கிறது. வேலை இல்லாமல் செய்தி மட்டும் கிடைப்பது பெரிய தண்டனை.

பேர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1987 மார்ச் 15-ல் அதே மருதையாற்றுப் பாலத்தில் வெடிவைத்து, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம் எந்த ஊரில் போய் வாடகைக்கு வீடு கேட்டாலும், ‘அரியலூரா? அந்த ரயில்…’ என்று ஆரம்பிப்பார்கள். நாம் சிமென்ட் என்போம், சுண்ணாம்புக்கல் என்போம், கங்கைகொண்டசோழபுரம் என்போம். அவர்கள் ரயிலை விடமாட்டார்கள். வெளியில் இருப்பவர் தன் ஊருக்காக முதலில் செய்கிற வேலை இதுதான்: யாரோ ஒருவருக்கு, ரயில் விழாத மற்ற நாட்களைப் பற்றியும் சொல்லுவது.

வெளியூருக்குச் செய்தி போன வழிக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அது தந்தி. இங்கே அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே போதும், உறையைப் பிரிக்கும் முன்பே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். அது பையனுக்கு வேலை கிடைத்த தந்தியாகக்கூட இருக்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த வாத்தியாரைத் தேடிப் பிடித்து, அவர் கண்ணாடியைத் துடைத்துப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தெரு கூடிவிடும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால், சாவுச் செய்தியை ஊர் ஊராக நடந்துபோய்ச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அதை நாம் அழகான பழைய வழக்கமாகப் பேசக்கூடாது. சேரியிலிருந்து ஒருவரை, அவர் விருப்பம் கேட்காமல், வெயில் மழை பார்க்காமல் அனுப்பிவைத்தார்கள். கூலி மரக்கால் நெல்லோடு சரி. ஆனால் அவர் கொண்டுபோன செய்தியில் இரண்டே விஷயம் கட்டாயம் இருக்கும்: யார் போனார், எப்போது எடுக்கிறார்கள். கேட்கிறவரும் அதையே கேட்பார்.

இன்றைக்கு வாட்ஸ்அப் வந்தும் அந்தக் கேள்வி மாறவில்லை. துபாயிலோ குவைத்திலோ இருக்கிற பிள்ளைக்கு அப்பா இறந்த செய்தி போகிறது. அவன் கேட்பது, ‘எப்ப எடுக்கிறீங்க?’ நான் வளைகுடாவில் இருந்த காலத்தில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தம்பி ஒருவன் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது. லீவுக்கு எழுதிக் கொடுத்து, டிக்கெட் போட்டு, திருச்சியில் இறங்கி ஊர் வந்து சேர எப்படியும் இரண்டு நாளாகும். அண்ணன்காரர், ‘ஐஸ் பெட்டி சொல்லியாச்சு, வெச்சிருக்கோம்டா’ என்கிறார். இவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘எனக்காக வெக்க வேணாம்ணே, எடுத்துடுங்க’ என்றான். போனை வைத்துவிட்டு டூட்டிக்குப் போகச் சட்டையைத் தேடினான். எங்களில் ஒருவர் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவனுக்குப் பதிலாகத் தான் போனார். அதைத் தவிர அந்த அறையில் இருந்த எங்கள் யாருக்கும் செய்யத் தோன்றவில்லை.

ஒரு வீட்டுத் துக்கமே இப்படி என்றால், ஊர்த் துக்கம்? கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். 2004 ஜூலை 16, ஆடி பிறந்த வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருப் பள்ளிக்கூடத்தில் சமையல் நெருப்பு கீற்றுக் கூரையைப் பிடித்து, 94 பிள்ளைகள் செத்தார்கள். வளைகுடாவில் அன்று வார விடுமுறை. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை: வெள்ளிக்கிழமை என்பதால் கேம்பில் அத்தனை பேரும் அறையில் இருந்தார்கள். துணி துவைக்கப் போட்டுவிட்டு, சிக்கன் குழம்பு வைத்துக்கொண்டு, டி.வி. முன்னால் இருந்தார்கள். சன் டி.வி.யில் படம் ஓட ஆரம்பித்ததும் குழம்பு அடுப்பிலேயே தீய்ந்தது.

கும்பகோணம் பக்கத்துக்காரர் ஒருவர் எங்களோடு இருந்தார். மற்றவர்கள் பார்த்தது பிள்ளைகளை. அவர் பார்த்தது பின்னால் தெரிந்த கடை போர்டை, சந்து திரும்புகிற இடத்தை, கூட்டத்தில் ஓடுகிற முகங்களை. தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று திரைக்கு அவ்வளவு கிட்டே போய் நின்றதால் எங்களுக்கு மறைத்தது. யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. அவருடைய தங்கை பிள்ளை அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் என்று அவருக்குத் தெரியாது. மாமன்காரன் பணம் அனுப்புவான், பொம்மை வாங்கி அனுப்புவான், பள்ளிக்கூடத்தின் பேரை எங்கே கேட்டு வைத்திருப்பான்? போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டால் லைன் இல்லை. பக்கத்து மளிகைக்கடை நம்பர்தான் வீட்டுக்கு நம்பர். சாயங்காலம்தான் கிடைத்தது. தங்கை பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவர் அழுதது அதற்கப்புறம்தான். அழுததோடு, ‘எனக்கு ஏன் சந்தோஷம் வருது, அத்தனை புள்ளைங்க போயிருக்குதே’ என்று வேறு கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. ஊரில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார், ரத்தம் கொடுத்திருப்பார், யாருடைய அப்பாவையாவது தாங்கிப் பிடித்திருப்பார்.

நம் முன்னோர்கள் பிந்தி வருகிறவரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். சாவுக்கு வர முடியாதவர் ஒரு மாதம் கழித்து வந்தாலும், ஒரு வருடம் கழித்து வந்தாலும் துக்கம் கேட்கப் போவார். அவரைக் கண்டதும் வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து, கட்டிப்பிடித்து, அன்றைக்கு அழுத அதே அழுகையை முதலிலிருந்து அழுவார்கள். வெளியூர்ப் பழக்கக்காரர்களுக்கு இது நடிப்பு மாதிரித் தெரியும். எங்கள் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையோடு எழுந்துபோய் அழுதுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வந்தவருக்குக் காப்பி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். நடிப்பே இல்லை. தவறவிட்டவருக்காகச் சாவு வீட்டை இன்னொரு தடவை திறந்து காட்டுகிறார்கள். ‘கடைசியா என்ன சொன்னாரு, யார் தண்ணி கொடுத்தது, எப்படிப் போச்சு?’ என்று அவர் கேட்க வேண்டும், இவர்கள் சொல்ல வேண்டும். கேட்பதுதான் பிந்தி வந்தவருடைய வேலை. இப்போது வீடியோவில் எல்லாம் பார்த்தாயிற்றே என்று வருகிறவர் கேட்பதில்லை, பார்த்தாயே என்று நாமும் சொல்வதில்லை. லீவில் வருகிற பிள்ளை நேராகக் கல்லறையில் மாலையைப் போட்டுவிட்டு, மறுநாள் ஆதார் திருத்தம், பேங்க் என்று அலைகிறான். வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடியோவை நம்பி இதை விட்டுவிட்டோம், அது சரியில்லை என்கிறேன்.

துக்கம் கேட்கக்கூட வழியில்லாமல் போனவர்களும் உண்டு. 2009-ல் இலங்கைப் போரில், வன்னியில் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு பேராகச் செய்தியில் வந்தபோது, அந்த ஊர்களின் பிள்ளைகள் லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்தார்கள். பிணத்தை எடுக்கவும் போக முடியாது, பதினாறுக்கும் போக முடியாது. லண்டனில் பாராளுமன்றத்துக்கு எதிரே வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மே 10-ல் டொராண்டோவில் பெரிய விரைவுச் சாலையில் குழந்தைகளோடு போய் நின்று போக்குவரத்தை நிறுத்தினார்கள். டொராண்டோக்காரர்கள் பலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கு அது புரிகிறது, வீட்டுக்குப் போகிற வழி அடைபட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழி அடைபட்டுத்தான் அவர்களும் அங்கே நின்றார்கள். இப்போது ஒவ்வொரு மே மாதமும் அந்த நாட்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். விறகு வைக்க வேண்டும், அரிசி கழுவ வேண்டும், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். அது வேலை. அதனால்தான் அந்த வழக்கம் நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை வெளியில் இருப்பவர் பக்கம் நின்று பேசினேன். ஊர்ப் பக்கத்தையும் பேச வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. 2020 மே மாதம். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்களில் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் ஆட்கள் ஏராளம். கொரோனா மார்க்கெட்டுக்குள் புகுந்தது. மே 5-ல் அடைத்தார்கள். வேலை போச்சு, தங்கிய இடமும் மார்க்கெட்தான், அதுவும் போச்சு. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகளில் ஏறி ஊருக்கு வந்தார்கள். அந்த வாரம் நம் மாவட்டத்துப் பேர் தினமும் டி.வி.யில் வந்தது, பழைய ரயில் காலம் மாதிரி. வந்தவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தனியாக வைத்தார்கள். அது சரியான காரியம், செய்யத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் எல்லையில் முள்ளை வெட்டிப்போட்டு, ‘வெளியாள் வராதே’ என்று எழுதி வைத்தோமே, அந்த வெளியாள் யார்? ஊர்த் திருவிழாவுக்குப் பணம் அனுப்பியவன். நோய்க்குப் பயப்பட்டது தப்பில்லை. சாப்பாட்டுத் தூக்கை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசியவர்களும் நம்மில் இருந்தார்கள், பேசாமல் திரும்பியவர்களும் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு யார் யார் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பக்கத்தில் இருந்தால்தான் பார்க்க முடியும் என்பதும் இல்லை. ஸ்ரீபுரந்தான் இங்கிருந்து எட்டும் தூரம். பிரகதீஸ்வரர் கோயிலில் பூஜை நின்று, பூட்டுப் போட்டு, வௌவால் அடைந்து கிடந்தது. 2006-ல் உள்ளே இருந்த ஐம்பொன் திருமேனிகளைத் திருடிப்போய்விட்டார்கள். பக்கத்துத் தெருவில் சமையல் நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது, நடராஜர் போனது ஊருக்குத் தெரியாது. 2008-ல்தான் தெரிந்தது. அதற்குள் அவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் கை வழியாக ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார், விலை 50 லட்சம் டாலர். அங்கே நிற்பவர் நம்மவர்தான் என்று பொருத்திப் பார்த்தது எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோவை வைத்து. ஒப்பிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் கப்பல் தொழிலில் இருந்த விஜயகுமார். அலுவலக நேரம் போக ராத்திரியில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விரலாக, பீடத்தில் ஒவ்வொரு தேய்மானமாகப் பார்ப்பவர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். ஊரில் இருந்த நாம் பார்க்கவில்லை, கடல் தாண்டி இருந்தவர்கள் பார்த்தார்கள். இதில் ஒரு குறை பாக்கி: திரும்பி வந்தவரை ஸ்ரீபுரந்தானில் வைக்கப் பாதுகாப்பு இல்லை என்று கும்பகோணத்துத் திருமேனி மையத்தில் வைத்தார்கள். நாடு திரும்பியும் ஊர் திரும்பவில்லை. அதைக் கேட்பது உள்ளூரில் இருக்கிற நம் வேலை.

ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ‘வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்பினால் போதாதா, வேறு என்ன வேலை கொடுப்பது?’ நல்ல கேள்வி. பணம் வேண்டும்தான். ஆனால் கேட்காமல் அனுப்புவதால் என்ன ஆகும் என்று 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போனவர்களைக் கேளுங்கள். லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கி, கட்ட ஆளில்லாமல் சாலையோரத்தில் மழையில் நனைந்து கிடந்தது. எல்லாம் நல்ல மனசோடு வந்த துணி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது கொஞ்சம் தேறிவிட்டோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த டெல்டாப் பிள்ளைகள் குழு ஆரம்பித்து, எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு ஊராகப் போன் போட்டுக் கேட்டார்கள். தார்ப்பாய் என்றார்கள், மெழுகுவத்தி என்றார்கள், போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் என்றார்கள். தென்னை முழுக்க வீட்டின் மேலும் ரோட்டின் மேலும் விழுந்து கிடந்த வேதாரண்யம் பக்கம் கேட்டதற்கு, ‘அரிசி இருக்குங்க, துணி இருக்குங்க. மரம் அறுக்கிற மெஷின் இருந்தா அனுப்புங்க, அதுக்கு பெட்ரோலும்’ என்றார்கள்.